இரக்கமும் உரிமையும்

நோயுற்ற ஒருவர், தாம் வாழ்நாளெல்லாம் செய்துவந்த தொழிலை இன்னும் ஒரே ஒரு முறை செய்து பார்க்க வேண்டுமென்று கேட்கிறார். அவரைத் தடுத்து நிறுத்துவது இரக்கமாகுமா? அல்லது இரக்கத்தின் பெயரால் நாம் இழைக்கும் அநியாயமாகுமா? 2025-ம் ஆண்டு முழுவதும் இக்கேள்வி என்னை விட்டு நீங்கவில்லை. இதனை எனக்குள் எழுப்பியது ஹெவி மெட்டல் என்னும் மேனாட்டு இசை என்றால் வாசகர்களில் பலர் நகைப்பார்கள். அதே ஆண்டில் அதே கேள்வி என் வீட்டுத் திண்ணையிலும் வந்து உட்கார்ந்தது. அதைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

முதலில் இவ்விசையைப் பற்றி இரண்டொரு வார்த்தை சொல்ல வேண்டும். மின்சாரத்தால் முழங்கும் கித்தார், இடிபோல் விழும் முரசுகள், அடித்தொண்டையிலிருந்து உறுமியோ உச்சத்திலேறி அலறியோ வரும் குரல் ஆகிய இவை கூடியதே ஹெவி மெட்டல். கன உலோகம் என்பது அப்பெயரின் நேர்ப்பொருள். எங்கள் தோட்டத்திலோ இதற்குப் 'பேய்ப் பாட்டு' என்று பெயர். ஆபீசு வேலை முடிந்து வந்து நான் இதனைப் போட்டால் அடுத்த வீட்டு அத்தை சன்னலைச் சாத்திக்கொள்வார். நகரத்துப் பள்ளியில் ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்த நாளில் சீன நண்பனொருவன் இரவல் கொடுத்த ஒரு குறுந்தட்டிலிருந்து தொடங்கி, இருபது ஆண்டுகளாக நான் இதனைக் கேட்டு வருகிறேன். பேய் எதுவும் என்னைப் பிடித்ததாகத் தெரியவில்லை. கணக்கில் ஒரு காசு தவறினால் மாத்திரம் இரவில் தூக்கம் பிடிப்பதில்லை.

பேய் என்ற பயம் எங்கிருந்து வந்தது? இவ்விசையின் மூலவர்கள் என்று யாவரும் ஒப்புக்கொள்ளும் குழு, இங்கிலாந்திலுள்ள பர்மிங்ஹாம் நகரத்துப் பிளாக் சபாத் என்பது. அவர்களுடைய முதல் இசைத்தட்டு 1970-ம் ஆண்டு பிப்ரவரி 13-ந் தேதி வெளிவந்தது. குழுவின் பெயரையே தாங்கிய முதற் பாட்டில், ஆதார சுருதியும் அதன் மேலுள்ள பிரதிமத்தியமமும் அடுத்தடுத்து ஒலிக்கின்றன. இந்த இடைவெளி சைத்தானுக்குரியது என்று ஐரோப்பாவில் ஒரு பேச்சு உண்டு. நம் கலியாணி இராகத்தில் நாள்தோறும் எத்தனையோ திருமண வீடுகளில் ஒலித்துக்கொண்டிருக்கும் சுரமன்றோ அது! ஒரு நாட்டில் மங்கலமாயிருப்பது மற்றொரு நாட்டில் பேயாகிவிடுகிறது. அக்குழுவின் பாடல்களுட் பெரும்பாலானவற்றை எழுதிய கீசர் பட்லர், ஆலையொன்றில் கணக்கு வேலை பயின்றுகொண்டிருந்தவர். இச்செய்தியை அறிந்தபோது ஒரு கிராணிக்கு உண்டான சந்தோஷத்தை வாசகர்கள் மன்னிப்பார்களாக. வியட்நாம் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் 'போர்ப் பன்றிகள்' என்று பொருள்படும் பாட்டை எழுதியவரும் அவரே. ஏழையின் பிள்ளைகளைப் போர்க்களத்துக்கு அனுப்பிவிட்டுத் தாம் ஒதுங்கி நிற்கும் பெரிய மனிதர்களை அப்பாட்டு கண்டிக்கிறது. அதில் வரும் பேய்களெல்லாம் மனிதர்களே.

ஆயினும் என் மனத்தை முதலில் கவர்ந்தது பாட்டன்று. கித்தார் வாசித்தவருடைய விரல்கள்தாம்.

டோனி அயோமி என்பவர் அவர். தகடு வெட்டி உருவாக்கும் ஆலையொன்றில் வேலை செய்துவந்தார். பதினேழாவது வயதில், இசையையே தொழிலாகக் கொள்வதென்று தீர்மானித்து வேலையை விட்டுவிட்டார். விடுகின்ற கடைசி நாள் அது. மத்தியான உணவுக்கு வீடு வந்தவர் திரும்பிப் போக மனமில்லாதிருந்தாராம். எடுத்த வேலையை முடித்துவிட்டு வா என்று தாயார் அனுப்பியிருக்கிறார். அன்று பிற்பகலில், வழக்கமாகத் தாம் பார்க்காத ஓர் அழுத்த யந்திரத்தில் கை சிக்கி, வலக்கையின் நடுவிரல் நுனியும் மோதிர விரல் நுனியும் போய்விட்டன. அவர் இடக்கையர். ஆகையால் கித்தாரின் கழுத்தில் தந்திகளை அழுத்துவது அந்த வலக்கையே. இனி வாசிக்க இயலாதென்று மருத்துவர்கள் கைவிட்டார்கள்.

அப்பொழுது ஆலையில் அவருக்கு மேலாளராயிருந்தவர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கச் சொன்னார். வாசித்திருந்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட் என்னும் ஜிப்சி. 1928-ம் ஆண்டில் வண்டி தீப்பிடித்து இடக்கையின் இரண்டு விரல்கள் பயனற்றுப்போன பிறகும், மீதமிருந்த விரல்களால் உலகம் வியக்க வாசித்தவர் அவர். அயோமி வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் வந்த பிளாஸ்டிக் புட்டியை உருக்கினார். விரலுக்குப் பொருந்தும் தொப்பிகளைச் செய்து, பழைய தோற்சட்டையிலிருந்து வெட்டியெடுத்த தோலை அவற்றின்மேல் ஒட்டினார். தடித்த தந்திகள் விரலை வருத்தியதால் பாஞ்சோவின் மெல்லிய தந்திகளை மாட்டினார். பின்னர் 1971-ம் ஆண்டு வந்த மூன்றாவது இசைத்தட்டில், தந்திகளின் முறுக்கைத் தளர்த்தி மூன்று அரைச்சுரம் கீழிறக்கிக்கொண்டார். தந்தி தளர்ந்தபோது நாதம் கனத்தது. இன்று உலகமெங்கும் இவ்விசைக்கு அடையாளமாயிருக்கும் அந்த ஆழ்ந்த முழக்கத்தில் ஒரு தொழிலாளியின் காயம் கலந்திருக்கிறது.

இங்கே நான் ஒன்றைக் கவனிக்கும்படி வேண்டுகிறேன். அந்த மருத்துவர்கள் கொடியவர்களல்லர். பையன் வீணாக நம்பி ஏமாறக்கூடாதென்ற நல்லெண்ணத்தால்தான் சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொல்லை அவன் கேட்டிருந்தானானால் அவர்கள் இரக்கத்துக்கு ஒரு குறைவும் வந்திராது. உலகத்துக்கு மாத்திரம் ஓர் இசை இல்லாமற் போயிருக்கும்.

இனி 2025-ம் ஆண்டுக்கு வருவோம். பிப்ரவரி 2-ந் தேதி, கொஜீரா என்னும் பிரெஞ்சுக் குழுவுக்கு அமெரிக்காவின் கிராமிப் பரிசு கிடைத்தது. முந்திய ஆண்டு ஜூலையில் பாரிஸ் ஒலிம்பிக்குத் தொடக்க விழாவில், அரசி மரீ அந்துவானெத்து சிறையிருந்த அதே கோட்டையின் சுவரில் நின்றுகொண்டு, பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துப் பாட்டை வாசித்தவர்கள் அவர்கள். ஒதுக்கி வைக்கப்பட்ட இசை உலகத்தின் திருவிழாவில் வந்து நின்றது. அயர்ன் மெய்டன் குழு தன் ஐம்பதாம் ஆண்டைக் கொண்டாடி ஐரோப்பாவெங்கும் வாசித்துவந்தது. செப்டம்பர் 16-ந் தேதி, அட் த கேட்ஸ் என்னும் சுவீடன் குழுவின் பாடகர் தோமாஸ் லிண்ட்பெரி புற்றுநோயால் மறைந்தார். பள்ளியாசிரியராகவும் இருந்தவர் அவர். வாயின் மேலண்ணத்தில் அறுவை செய்யவேண்டும் என்றபோது, அறுவைக்கு முன்னதாகவே புதிய பாடல்களுக்குத் தம் குரலைப் பதிவு செய்து வைத்துவிட்டுப் போனார். இச்செய்தியைப் படித்த அன்று ஆபீசில் எனக்கு வேலை ஓடவில்லை. ஆனால் ஆண்டின் நடு மையமாக நின்றது ஜூலை மாதத்தின் ஒரே ஓர் இரவுதான்.

பிளாக் சபாத்தின் பாடகர் ஆஸி ஆஸ்பர்ன். பர்மிங்ஹாமின் ஆஸ்டன் பகுதியில் தொழிலாளர் வீட்டில் வளர்ந்தவர். ஆடுமாடு அறுக்கும் கொட்டிலில் வேலை செய்தார். மோட்டார் வண்டிகளின் ஊதுகுழல் செய்யும் ஆலையில் வேலை செய்தார். திருடி அகப்பட்டுச் சிறையும் போனார். 2019-ம் ஆண்டில் வீட்டில் விழுந்ததால் பழைய கழுத்துக்காயம் கிளர்ந்தது. நடுக்குவாதம் என்று நாம் சொல்லும் பார்க்கின்சன் நோய் தமக்கு இருப்பதை 2020-ம் ஆண்டில் வெளிப்படுத்தினார். 2023-ம் ஆண்டில், ஊரூராகச் சென்று இனிப் பாட இயலாதென்று அறிவித்தார். அப்படிப்பட்டவருக்காக 2025 ஜூலை 5-ந் தேதி, அவர் வளர்ந்த ஆஸ்டனிலேயே, வில்லா பார்க் என்னும் பந்தாட்ட அரங்கில் விடைபெறும் இசைவிழா நடந்தது. மெட்டாலிக்கா, ஸ்லேயர், பன்டேரா, மாஸ்டடான் முதலிய பல குழுக்கள் வந்து பகலெல்லாம் வாசித்தன. நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் கூடியிருந்தார்கள். பார்க்கின்சன் நோய்க்கு மருந்து தேடும் சங்கத்துக்கும், பர்மிங்ஹாம் குழந்தைகள் மருத்துவமனைக்கும், தீராப் பிணியுள்ள குழந்தைகளைப் பேணும் ஓர் இல்லத்துக்கும் என்று வரும்படி ஒதுக்கப்பட்டது.

இங்கிலாந்தில் இரவாயிருந்தபோது நம் நாட்டில் ஞாயிற்றுக்கிழமை விடியற்பொழுது. இணையவழி ஒளிபரப்பை நான் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். மேடையின் அடியிலிருந்து ஒரு கரிய அரியணை மெல்ல எழும்பிற்று. அதில் ஆஸி அமர்ந்திருந்தார். எழுந்து நிற்க இயலவில்லை. கைகளைத் தட்டினார், கண்களை உருட்டினார், கூட்டத்தை அதட்டினார். முதலில் தம் சொந்தக் குழுவோடு ஐந்து பாட்டுகள் பாடினார். பின்பு பழைய நால்வரும், இருபது ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாக, ஒரே மேடையில் கூடினார்கள். அவர்களோடு நான்கு பாட்டுகள். குரல் தளர்ந்த இடங்களில் கூட்டம் பாடிற்று. தாயே, வீட்டுக்கு வருகிறேன் என்ற கருத்துடைய பாட்டை அவர் தொடங்கியபோது, அரங்கில் முரட்டுத் தாடிக்காரர்கள் குழந்தைகளைப்போல் அழுததைக் கண்டேன். நானும் அழுதேன். பதினேழு நாட்களில், ஜூலை 22-ந் தேதி, எழுபத்தாறாம் வயதில் அவர் இறந்துபோனார்.

அவரை உத்தமர் என்று நிலைநாட்ட நான் இதனை எழுதவில்லை. மேடையில் வௌவாலின் தலையைக் கடித்தவர் அவர். 1989-ம் ஆண்டில் மது வெறியில் தம் மனைவியாரின் கழுத்தை நெரித்து, கொலைமுயற்சிக் குற்றத்துக்காகக் கைதானவர். மனைவியார் வழக்கை நடத்தாமல் விட்டதால் தப்பினார். இதையெல்லாம் மறைத்துவிட்டு அவரைத் தெய்வமாக்கும் இரசிகர்களோடு எனக்கு உறவில்லை. கள்ளும் சாராயமும் எத்தனை குடும்பங்களைக் கெடுத்திருக்கின்றன என்பது தோட்டத்தில் வாழ்கிறவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதன்று. குற்றம் செய்தவனுக்கும் நோய் வரும், முதுமை வரும். அந்த நோயாளியை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதே இப்பொழுதைய கேள்வி.

அந்த இரவைக் குறித்து இருவிதமான அபிப்பிராயங்கள் சொல்லப்படுகின்றன. நோயால் எழுந்து நிற்கவும் மாட்டாத கிழவரை நாற்காலியில் வைத்து ஜனங்களுக்குக் காட்டியது கொடுமை என்பர் சிலர். மரணத்தை வென்ற வீரம் என்பர் வேறு சிலர். இரண்டாவது கூட்டத்தாரின் பேச்சு எனக்குச் சற்றும் பிடிக்கவில்லை. மரணத்தை எவரும் வெல்லவில்லை. பதினேழு நாளில் அது வந்து சேர்ந்தது. முதற் கூட்டத்தாரின் பேச்சோ அலட்சியம் செய்யக் கூடியதன்று. அதற்கு ஒரு காரணம் எனக்குத் தெரியும்.

முன்னர் வேறொரு தோட்டத்தில் நான் கிராணியாயிருந்தபோது, காய்ச்சலோடு பெரட்டுக்கு வந்து நின்ற ஓர் அம்மாளைப் பார்த்திருக்கிறேன். "வீட்டுக்குப் போங்கம்மா" என்றேன். "எனக்கு ஒண்ணுமில்லீங்க கிராணி, நானே பிரியப்பட்டுத்தான் வந்தேன், பேர் போடுங்க" என்றார். அவர் சொன்ன பிரியம் எத்தகையது? ஒரு நாட் பேர் போனால் மாதக் கடைசியில் அரிசி வாங்கப் போதாது என்பதன் மறுபெயர் அது. நான் பேர் போட்டேன். போடாமல் அனுப்பியிருந்தால் கருணையுள்ள கிராணி என்ற பெயர் எனக்குக் கிடைத்திருக்கும், பட்டினி அவருக்குக் கிடைத்திருக்கும். ஆகையால் 'அவரே விரும்பினார்' என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் நான் சந்தேகப்படுகிறேன். தேவை பல வேஷம் போடும், விருப்பமென்ற வேஷத்தையும் போடும். ஆஸியைச் சுற்றியிருந்தவர்கள் வணிகம் தெரிந்தவர்கள். பாட்டும் படமும் விற்பனைக்குரியவை என்பதை அறியாதவர்களல்லர்.

ஆனால் ஆஸிக்கு அரிசிக்குக் குறைவில்லை. பாடாவிட்டால் பசிப்பதற்கில்லை. பாடுவதால் வரும் ஊதியமும் நோயாளிகளுக்கென்று ஒதுக்கப்பட்டுவிட்டது. பசியையும் கூலியையும் கழித்துவிட்ட பிறகு எஞ்சி நிற்பது என்ன? ஒரு மனிதர் தாம் இன்னார் என்பதைத் தம் ஊராரின் முன்னிலையில் இன்னொரு முறை சொல்லிக்கொள்ள விரும்பிய விருப்பம். அதற்கு எவருடைய அனுமதி வேண்டும்? உடம்புக்கு ஆகாது என்று சொல்ல மருத்துவருக்கு உரிமையுண்டு. சொல்லிவிட்ட பின்பும் கதவை மறித்து நிற்க எவருக்கு உரிமையுண்டு?

இவ்வளவு தெளிவாக இப்பொழுது எழுதுகிறேன். ஜூலை மாதத்து அந்த விடியற்காலையில் எனக்கு இந்தத் தெளிவு இல்லை. ஏனெனில் அப்பொழுது என் ஆபீசு அலமாரியில் ஓர் உளி பூட்டிக் கிடந்தது.

என் தகப்பனார் நாற்பத்தொரு ஆண்டு பால்மரம் சீவியவர். இரவு பிரியுமுன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போய், வெயிலேறும்போது வாளியோடு திரும்புவார். பட்டையைக் காகிதக் கனத்துக்குச் சீவ வேண்டும். சற்று ஆழ்ந்தால் மரத்தில் காயம் விழும், சற்று மேலாகப் போனால் பால் வராது. இந்த இரண்டுக்கும் நடுவே உளியை ஓட்டுவதில் அவருக்கு நிகரானவர் எங்கள் பக்கத்தில் இல்லையென்று பழைய மண்டோர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவருடைய அந்தக் கை சம்பாதித்த காசில்தான் நான் நகரத்துக்குப் போய் ஆங்கிலம் படித்தேன். பின்னர்ப் பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். 2023-ம் ஆண்டில் அவருக்குப் பாரிசவாதம் கண்டது. பேச்சு திரும்பிவிட்டது, நடை பாதி திரும்பிற்று. வலக்கை மாத்திரம் சொன்னபடி கேட்பதில்லை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஆற்றோரமாக ஏழு பழைய பால்மரங்கள் நிற்கின்றன. செம்பனை நட வாட்டமில்லாத சரிவு ஆகையால் தப்பியவை. எந்தக் கணக்கிலும் சேராதவை என்று கிராணியாகிய நான் உறுதி கூறுகிறேன். 2025-ம் ஆண்டு பொங்கல் கழிந்ததும் ஒரு நாள் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, அந்த ஏழு மரத்தையும் ஒரு தடவ சீவிப் பாக்கறேன்பா."

"வேண்டாம்ப்பா. சரிவில விழுந்திட்டா யாரு தூக்கறது?"

"ஏழே ஏழு மரம்தான்பா."

அன்றைக்கே உளியை எடுத்துக்கொண்டுபோய் ஆபீசு அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அவர் நலத்துக்காக என்று சொல்லிக்கொண்டேன். மாசியில் ஒரு முறை கேட்டார். சித்திரையில் ஒரு முறை கேட்டார். அதன்பின் கேட்கவில்லை. அவர் கேளாமலிருந்ததைச் சம்மதமென்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 6-ந் தேதி விடியற்காலையில் கைபேசியில் ஆஸி பாடிக்கொண்டிருந்தபோது அப்பா எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். எப்பொழுதும் பேய்ப் பாட்டு என்று திட்டுபவர் அன்று ஒன்றும் சொல்லவில்லை. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏம்பா, அந்த ஆளுக்குக் கை நடுங்குதே?" என்றார். "நோய்ப்பா" என்றேன். "பாட விட்டாங்களா?" என்று கேட்டார். "விட்டாங்க" என்றேன். அவர் அடுப்படிக்குப் போய்விட்டார்.

அந்த ஒரு வார்த்தை, 'விட்டாங்க' என்று நான் சொன்னது, பகலெல்லாம் என்னை அறுத்தது. கடலுக்கப்பாலுள்ள ஒருவருக்காக அழுதவன் நான். கதவுக்கு இப்பால் இருப்பவருடைய உளியைப் பூட்டி வைத்தவனும் நானே. ஆயினும் உடனே அலமாரியைத் திறந்தேனோ? இல்லை. ஏன் திறக்கவில்லை என்று என்னையே விசாரித்துப் பார்த்தபோது, வெட்கக்கேடான ஓர் உண்மை அகப்பட்டது. அப்பா விழுந்துவிடுவார் என்ற பயம் பாதிதான். 'கிராணியார் வீட்டில் சோற்றுக்கில்லையா? கைவிளங்காத தகப்பனை மரஞ்சீவ அனுப்புகிறாரே' என்று தோட்டம் பேசும் என்ற பயம் மற்றப் பாதி. இரக்கம் என்று நான் பெயர் சூட்டியிருந்ததைக் கீறிப் பார்த்தால், உள்ளே இருந்தது என் கௌரவம். அத்தோடு இன்னொன்றும் இருந்தது. மரஞ்சீவி என்ற பெயரிலிருந்து குடும்பம் மீண்டுவிட்டது என்பதற்கு நானே சாட்சியென்று நினைத்து வாழ்கிறேன். அந்தப் பெயரையே அவர் திரும்ப விரும்புகிறார் என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. என் படிப்பு எதற்காக என்ற கேள்வியை அவருடைய உளி கேட்டது.

இத்தகைய கௌரவம் நம்மவரிடையே மிகவும் பரவியிருக்கிறதென்று அஞ்சுகிறேன். வயது முதிர்ந்தவர்களை நாற்காலியில் உட்கார்த்தி, தொலைக்காட்சிப் பெட்டியைத் திறந்துவிட்டு, 'சும்மா இருங்கள்' என்று சொல்லுகிறோம். சொந்தக் காசில் சாப்பாடு போடுகிறோமாகையால் சும்மா இருக்கச் சொல்ல நமக்கு உரிமை வந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். அந்தக் காலத்துத் துரைமார்கள் வேலை செய் என்று அதட்டினார்கள், பிள்ளைகளாகிய நாம் வேலை செய்யாதே என்று அதட்டுகிறோம். அதட்டப்படுகிறவர் மாத்திரம் அதே ஆள். இவ்விரண்டும் சமமென்று சொல்லவரவில்லை. ஒன்று சுரண்டல், மற்றொன்று பெரும்பாலும் அன்பு. ஆனால் இரண்டிலும் கேட்கப்படாத கேள்வி ஒன்றே: உமக்கு என்ன வேண்டும்?

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். நோயாளி கேட்டதையெல்லாம் கொடுத்துவிடலாமா? குடிகாரன் குடியைக் கேட்டால்? நியாயமான கேள்விதான், அதற்கு என்னிடம் அளவுகோல் எதுவும் இல்லை. ஒரு வித்தியாசத்தை மாத்திரம் காண்கிறேன். குடி மனிதனைத் தன்னிடமிருந்து அப்புறப்படுத்துகிறது. ஆஸியைச் சில நாழிகையேனும் தம்மிடம் திரும்பக் கொண்டுவந்தது பாட்டு. இளமையில் குடித்துக் கெட்ட அதே மனிதரிடம் இந்த இரண்டையும் நாம் காண்கிறோம். அவரைக் காப்பாற்ற விரும்புகிறவர் எதைத் தடுத்திருக்க வேண்டும், எதை விட்டிருக்க வேண்டும்? வாசகர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

பார்த்துக்கொண்டிருந்த ஜனங்களின் கடமை என்ன என்பதும் யோசிக்கத் தக்கது. காட்சிப்பொருளாகப் பார்க்கிறவனுக்கும் துணையாக நிற்கிறவனுக்கும் கண்களால் வேற்றுமை தெரியாது, இருவரும் பார்க்கத்தான் பார்க்கிறார்கள். அந்த இரவில் வேற்றுமையைக் காட்டியது குரல். பாடகர் தடுமாறிய இடத்தில் கூட்டம் மௌனமாக இருந்திருந்தால், அல்லது நகைத்திருந்தால், அது கொடுமையாகவே முடிந்திருக்கும். அவர்கள் பாட்டை ஏந்திக்கொண்டார்கள். கிழவர் விட்ட இடத்திலிருந்து எடுத்து, அவர் மூச்சு வாங்கும்வரையில் தாங்கி, மறுபடியும் அவரிடமே கொடுத்தார்கள். வயலிலும் நிரையிலும் ஒருவர் பின்தங்கினால் பக்கத்து ஆள் இரண்டு மரம் சேர்த்துச் சீவி விடுவதில்லையா? அதுபோல.

ஜூலை 23-ந் தேதி, பெரட்டுக்குப் புறப்படுமுன் கைபேசியைத் திறந்தபோது ஆஸி இறந்த செய்தி வந்திருந்தது. அன்று ஆபீசில் முதல் வேலையாக அலமாரியைத் திறந்து உளியை எடுத்து, சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பாவிடம் கொடுத்தேன். எதுவும் சொல்லவில்லை. அவரும் எதுவும் கேட்கவில்லை. வாயைத் தடவிப் பார்த்து, "துருப் பிடிக்க விட்டுட்டியே" என்றார். இரவு சாப்பிட்ட பிறகு தீட்டுக்கல்லை வைத்துக்கொண்டு, இடக்கையால் வலக்கையைப் பிடித்துப் பிடித்துத் தீட்டினார்.

மறுநாள் விடியுமுன் இருவரும் போனோம். நான் விளக்குப் பிடித்தேன். முதல் மரத்தில் காயம். இரண்டாவது மரத்திலும் காயம். "அந்தக் காலத்தில இப்படிப் போட்டா மண்டோரு அரப் பேருதான் போடுவாரு" என்று தம்மையே வைதுகொண்டார். மூன்றாவது மரத்தில் உளி சரியாக ஓடிற்று. பழைய கோட்டின் வழியே வெள்ளைக் கீற்றொன்று இறங்கி மங்கில் சொட்டத் தொடங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் நின்றார். நான்காவதுக்குப் போகலாமா என்றேன். "நாளைக்கு" என்றார்.

அன்றுமுதல் முடிந்த நாட்களில் போய்வருகிறார். ஐப்பசியில் மழைச் சரிவில் வழுக்கி விழுந்து முழங்காலில் நாலு தையல் போட நேர்ந்தது. தோட்டம் நான் பயந்தபடியே பேசிற்று. அடுத்த வீட்டு அத்தை முகத்துக்கு நேராகவே, "ஏம்பா, உனக்கு மனசாட்சி இருக்கா?" என்று கேட்டார். அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் கேட்டிருக்கமாட்டார். உள்ளே பிளாக் சபாத் பாடிக்கொண்டிருந்தது, சன்னலைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். தையல் பிரித்த மூன்றாம் நாள் அப்பா மறுபடியும் விளக்கைத் தேடினார். உளி இப்பொழுது அடுப்படிச் சுவரில், அவர் இடக்கைக்கு எட்டும் உயரத்தில் நான் அடித்துக் கொடுத்த ஆணியில் தொங்குகிறது.